பின்சக்கரம் போகும் பாதை

போன புதன்கிழமை மத்தியானம், கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவள், ஒரு வரியைப் படித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் வான்நோக்குக் குழு பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுவரொட்டிகள் தயாரிக்கிறது. ஆளுக்கொரு சொல். நான் முந்திக்கொண்டு ‘ஆர்பிட்’ என்ற சொல்லை எடுத்தேன். நிலா பூமியைச் சுற்றும் பாதை, செயற்கைக்கோள் சுற்றும் பாதை, அரைமணி வேலை என்று கணக்கு. ஆனால் அகராதியில் அதற்கு வேறு பொருள்களும் இருந்தன. கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழி. ஒருவருடைய செல்வாக்கு எட்டுகிற வட்டம். அப்புறம் சின்ன எழுத்தில், அந்தச் சொல் பிறந்த இடம்: லத்தீனில் அது வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்துவிட்டுப் போகிற தடமாம்.

சக்கரத் தடம், கண்குழி. இரண்டுக்கும் ஒரே சொல். ஏழு வருஷமாக நான் நினைக்காமல் தள்ளிவைத்திருந்த ஒருவர், கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு அந்த அகராதிப் பக்கத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்குப் பெயர் உண்டு. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்களுக்கு அவர் அக்கா.

திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில், துறைமுகத்திலிருந்து வடக்கே வரும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இடப்பக்கம் ஒடித்து, பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டுக்குள் போகிற ஒரு தெருமுனை. அந்த முனையின் ஒரு பக்கம் அக்காவின் பஞ்சர் கடை. எதிர்ப்பக்கம், டிரெய்லர் உரசித் திரும்புகிற மூலையில், என் அம்மா மீன் விற்பாள். அதற்குப் பத்தடி தள்ளி பஸ் ஸ்டாப்.

அக்காவுக்கு இடது கண் கிடையாது. ஒரு கூலிங் கிளாஸில் வலது பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டுப் போட்டிருப்பார். வியர்வை துடைக்க அதைக் கழற்றுகிறபோது நாங்கள் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நிற்போம். லாரி டயரை ரிம்மில் பிடித்துவைக்க ஒரு இரும்பு வளையம் உண்டு. அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் எகிறிவிடும். அப்படித்தான் எகிறியது. அதை அக்கா யாருக்கோ நடந்தது மாதிரி சொல்வார்.

“ரிங்கு பறந்து போயி ரோட்டுக்கு அந்தாண்ட வுயுந்துச்சு. அத்த ஓடிப்போயி எடுத்துக்கினு வந்தானுங்க. கண்ணு எங்க வுயுந்துச்சுன்னு ஒருத்தனும் தேடல.”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கேட்டவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை.

இடப்பக்கம் தெரியாததால் அக்காவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எங்கே நின்றாலும், கொஞ்ச நேரத்துக்கொரு முறை, நின்ற இடத்திலேயே ஒரு முழுச்சுற்று சுற்றுவார். ரேஷன் வரிசையில் சுற்றுவார். கோயில் வாசலில் சுற்றுவார். டீ குடிக்கும்போது கிளாஸ் தளும்பாமல் சுற்றுவார். பசங்கள் பம்பரம் என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அருகில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, சுற்றும்போது அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. நான்குக்கு மேல் இடப்பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் அவருக்கு மூச்சு முட்டுமாம். அன்றைக்கப்புறம் நான் அந்தப் பேரைச் சொல்லவில்லை. இன்னொருத்தரின் பயத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் அது ஒட்டிக்கொள்கிறது. நானும் சில நாள் பஸ் ஸ்டாப்பில் நான்கு எண்ணித் திரும்பிப் பார்த்தேன்.

அவர் கவலை முழுக்க அந்தத் திருப்பத்தின் மேல்தான் இருந்தது. டிரெய்லர் திரும்பும்போது டிரைவர் உட்கார்ந்திருக்கும் முன்பகுதி அகலமாக வட்டமடித்துப் போய்விடும். நாம் நினைப்போம், வண்டி நம்மைத் தாண்டிவிட்டது என்று. பின்சக்கரம் அந்த வழியில் வராது. உள்ளே வெட்டிக்கொண்டு, மூலையை நக்கிக்கொண்டு வரும். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் இந்த இடப்பக்க மூலை அவன் கண்ணுக்கே தெரியாது. முன்பெல்லாம் கிளீனர் இருப்பான், கதவைத் தட்டிச் சொல்வான். இப்போது பாதி வண்டிகளில் கிளீனரே இல்லை.

“அதுக்கும் லெப்டு தெரியாது, எனுக்கும் லெப்டு தெரியாது. அதான் அது எப்டி வரும்னு எனுக்குத் தெரியும்” என்பார் அக்கா.

அதனால் அவர் ஒரு வேலை செய்தார். காலையில் கடை திறந்ததும் எதிர்மூலையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுவார். முதல் டிரெய்லர் திரும்பியதும் ஈரத்தில் பின்சக்கரத்தின் தடம் பதியும். அந்தத் தடத்தின் மேலேயே, டியூப்புக்குள் போடும் வெள்ளைப் பவுடரைச் சுண்ணாம்போடு கலந்து, குனிந்தபடி ஒரு வளைகோடு இழுப்பார். சாயங்காலத்துக்குள் கடல் காற்றும் டயர்களும் அதைத் தின்றுவிடும். மறுநாள் மறுபடி பக்கெட், மறுபடி பவுடர். கோட்டுக்கு உள்ளே யாராவது நின்றால் கடைக்குள்ளிருந்தே கத்துவார்: “முன்னால போனவன பாக்காத. பின்னால வர்றவன பாரு.”

ஒரு கல்லூரிப் பையன் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு உள்ளே நின்றான். அக்கா ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டிக்கொண்டிருக்கும்போதே, அவன் நின்ற இடத்தில் கழன்றுகிடந்த அவனுடைய ஒற்றைச் செருப்பின் மேல் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. அக்கா அந்தச் செருப்பை டயர் கழற்றும் இரும்பு லீவரால் நெம்பி எடுத்து அவன் கையில் கொடுத்தார். அட்டை மாதிரி இருந்தது.

எனக்கு அவரோடு பேச்சு வந்தது ஒரு காகிதத்தால். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, படி பாப்பா என்றார். படித்தேன். இடது ஆர்பிட்டில் எலும்பு முறிவு என்று இருந்தது. எனக்கோ அந்த வாரம்தான் வகுப்பில் செயற்கைக்கோள் பாடம் நடந்திருந்தது. குழம்பிப்போய், ஆர்பிட் என்றால் ராக்கெட் சுத்துற பாதை அக்கா என்றேன்.

அக்கா கூலிங் கிளாஸைக் கழற்றி என் முகத்துக்கு நேரே குனிந்தார். “தோ, நல்லா பாரு. உள்ள எங்கனா ராக்கெட் சுத்திகினு கீதா?”

நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் எனக்கு ஒரு பன் வாங்கிக்கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே அந்தக் குழியைப் பார்த்துப் பழகினேன். உள்ளே வழவழவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை. பயம் வெளியே இருந்தது, நாற்பதடி நீளத்தில் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டு.

அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் ஒத்தே வராது. அம்மா உட்காருகிற இடம் கோட்டுக்கு உள்ளே. இரண்டு சாலையில் வருகிறவர்களும் பார்க்கிற ஒரே இடம் அதுதான், இரண்டடி தள்ளினால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அம்மாவின் கட்சி. காசிமேட்டில் விடியலில் மீன் ஏலம் எடுத்து, கூடையைச் சுமந்து வருகிறவளுக்கு அந்த இரண்டடி பெரிது.

“யக்கா, நவுரு. சொன்னா கேளு” என்பார் அக்கா; அம்மாவை அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு வாசலா? காத்தாலயே கோலம் போட்டுகினு வந்துட்டா.”

“கோலத்து மேல பூ வெப்பாங்க யக்கா. உன் மேல மாலைதான் வெப்பாங்க.”

“வெச்சா நீயே வந்து வெய்யி. ஒத்தக் கண்ணால நேரா வெப்பியா, கோணலா வெப்பியா?”

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் ஒரு பின்சக்கரம் வந்து அவளுடைய தெர்மாகோல் ஐஸ் பெட்டியை நசுக்கிவிட்டுப் போனது. அம்மா சிதறிக் கிடந்த வெள்ளைத் துணுக்குகளை வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் கூடையைக் கோட்டுக்கு வெளியே வைத்தாள். சரியாக ஒரு சாண் வெளியே.

அம்மாவே நகர்ந்துவிட்டதும் அந்த முனையே கோட்டை ஏற்றுக்கொண்டது. இதைத்தான் அகராதி செல்வாக்கு வட்டம் என்கிறது போல. ஷேர் ஆட்டோக்காரர்கள் கோட்டை ஒட்டி வண்டியை நிறுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள் கட்டைவிரல் பவுடரில் படாமல் நின்று பந்தயம் கட்டினார்கள். யாரும் டிரெய்லரைப் பார்ப்பதில்லை. கோடு இருக்கிறதே.

அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குத் தூக்கம் போனது. முன்பு நான்கு எண்ணிச் சுற்றியவர் மூன்று எண்ணிச் சுற்ற ஆரம்பித்தார். “வெளிய நில்லுன்னா வெளிய நிக்கணும். கோட்டோட ஒட்டிக்கினு நிக்கிறீங்களே” என்று கெஞ்சினார். கோட்டை இரண்டடி தள்ளிப் போட்டுப் பார்த்தார். கோடு தன் வாசலைத் தொடுகிறது என்று பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

அன்றைக்குக் காலை எட்டு மணி இருக்கும். சாலை நடுவில் எதற்கோ தோண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அம்மா தலைகுனிந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். ஒரு டிரெய்லர் வந்தது. வழக்கமாக வருவதைவிட நீளம். வலப்பக்கம் அகலமாக ஒடித்துத் திரும்பத் தடுப்பு இடம் விடவில்லை. டிரைவர் இருந்த இடத்திலேயே ஒடித்தான். முன்பகுதி அம்மாவைத் தாண்டி யார்டுத் தெருவுக்குள் போய்விட்டது. பின்சக்கரங்கள் வந்தன. நான் கோட்டைப் பார்த்தேன். கோட்டில் நின்றுவிடும் என்று, சத்தியமாக, நான் நம்பிக்கொண்டிருந்தேன். சக்கரம் கோட்டின் மேல் ஏறியது. பவுடர் லேசாகப் புகைந்தது. அதைத் தாண்டி வந்தது.

என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அம்மா என்று மூன்று எழுத்துக்குமேல் இல்லை, அது வரவில்லை.

அக்கா சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டியூப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூலை அவருடைய இடப்பக்கம். மூன்று எண்ணித் திரும்பியிருக்க வேண்டும். திரும்பினார். எழக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே கையிலிருந்த டயர் லீவரை வீசினார். அவர் பக்கமாக இருந்த டிரைவர் கதவில் அது மோதிய சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. பிரேக் சீறியது. மீன் வைத்திருந்த அலுமினிய அன்னக்கூடை சப்பையாகி, மீனெல்லாம் கூழாகி, அம்மாவின் முந்தானை சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அம்மா அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், அது வரவில்லை என்று கோபப்படுகிறவள் மாதிரி. கத்தரித்துத்தான் அவளை எழுப்பினார்கள்.

அக்கா ஓடிவந்து அம்மாவின் கை, கால், தலை என்று தடவித் தடவிப் பார்த்தார். அப்போதுதான் அம்மா அதைச் சொன்னாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“உன் கோட்ட நம்பித்தானே உக்காந்தேன்.”

அக்காவின் கை அம்மாவின் தோளிலேயே நின்றது. பிறகு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கோடு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அக்கா கடையில் இருந்தார், பஞ்சர் போட்டார், காசு வாங்கினார். சுற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. ஒரு நிலா சுற்றுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பிற்பாடு படித்தேன். நின்ற இடத்தில் நிற்காதாம். நேராக விழுமாம். இரண்டு வாரத்தில் கடை பூட்டியிருந்தது. கொடுங்கையூரில் குப்பை லாரி போகிற ரோட்டில் கடை போட்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

அம்மா இன்னும் அதே மூலையில்தான் விற்கிறாள். சுவரை ஒட்டி உட்காருகிறாள். இப்போது வருகிற டிரெய்லர்கள் இன்னும் நீளம்.

புதன்கிழமை நூலகத்திலிருந்து நேராக விடுதி அறைக்கு வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன். எதையும் பாதியில் விட எனக்குத் தெரியாது. வண்டியின் நீளம், திருப்பத்தின் ஆரம், ஒடிக்கும் கோணம் எல்லாவற்றையும் கணினியில் கொடுத்தால் பின்சக்கரத்தின் பாதையை அது வரைந்து காட்டுகிறது. அக்காவின் கோட்டை நினைவிலிருந்து மேலே வைத்துப் பார்த்தேன். பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் போட்ட கோடு, அந்தக் காலத்து வண்டிக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. நீளத்தைக் கூட்டினேன். பாதை உள்ளே நகர்ந்தது. வலப்பக்கத்தில் ஒரு தடுப்பு வைத்தேன். இன்னும் நகர்ந்து, அம்மா உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் ஓடியது. விசிறி மாதிரி முப்பது பாதைகள் வந்தன. அதில் எந்த ஒன்றைக் கோடாகப் போட்டாலும், அடுத்த வண்டி அதைப் பொய்யாக்கும்.

வியாழக்கிழமை கிளம்பி வீட்டுக்கு வந்து, லேப்டாப்பில் அம்மாவிடம் காட்டினேன். அந்த மூலையில் கோடு வேண்டாம், பழைய லாரி டயர்களைப் பாதி புதைத்து நெருக்கமாகச் சுவர் மாதிரி நட்டுவிடலாம், முப்பது பாதைக்கும் அந்தாண்ட, யாரும் உள்ளே நிற்கவே முடியாதபடி என்றேன். வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதிவிட்டேன், பஸ் ஸ்டாப்பில் நூறு கையெழுத்து வாங்கப்போகிறேன் என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. என் சுவரையும் நம்பி ஒருத்தி ஒரு சாண் தள்ளி உட்காருவாளே.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. எழுந்துபோய், மீன் கூடைக்கு மேல் போடுகிற பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்தாள். காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் எப்போதும் ஒரு இரும்பு வைத்திருப்பாள். ஏழு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னவென்று பார்த்தேன். டயர் லீவர்.

“அன்னைக்கே எட்த்து வெச்சேன். திருப்பிக் குடுக்கலாம்னு. மூஞ்சி இல்ல.”

“எதுக்கும்மா அப்படிச் சொன்ன?”

“பயந்துட்டேன். பயத்துல பக்கத்துல யாரு கீறாங்களோ அவங்களத்தானே கடிப்போம்.” லீவரைப் புடவையில் துடைத்தாள். “அவ ஒட்டாத, ஒட்டாதன்னு சொன்னா. நான்தான் ஒட்டிக்கினு உக்காந்தேன். டயர நடணும்னா அவ வந்து சொல்லட்டும், எங்க நட்றதுன்னு. உன் பொட்டில வர்றது எனுக்கு வேணாம். அவளக் கூட்டிக்கினு வா.”

வருவாரா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொடுங்கையூருக்குப் போகிறேன். குப்பை லாரிகள் திரும்புகிற ஒவ்வொரு முனையிலும் இறங்கி, தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பதாகத் திட்டம். எங்காவது வெள்ளைப் பவுடரில் ஒரு வளைகோடு இருந்தால் அதற்கு எதிரில் அவர் இருப்பார். எந்த முனையிலும் கோடு இல்லாமல் போனால் என்ன செய்வது என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து அறைக்குள் ஒரு சுற்று சுற்றிவருகிறேன்.

லீவரைப் பையில் வைத்துவிட்டேன். கனமாக இருக்கிறது. கடையைக் கண்டுபிடித்தால் இடப்பக்கமாகப் போகக் கூடாது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, அவர் என்னைப் பார்க்கிற வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும்.